குமாரபாளையத்தில் ஒரு த்ரீ நாட் த்ரீ ஆசை!

குமாரபாளையத்துக்காரரை நடு ராத்திரியில் எழுப்ப வேண்டுமா? அலாரம் எல்லாம் வேண்டாம். கரண்டை நிறுத்தினால் போதும்! விசைத்தறி 'டடக் டடக்' என்று ஓடுகிறவரை அவருக்கு அது தாலாட்டு. நின்றுவிட்டால் திடுக்கிட்டு எழுந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று வாசலுக்கு வந்துவிடுவார். வெளியூர்க்காரன் பாடு வேறு. முதல் ராத்திரி அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. ஒரு வாரம் தங்கிவிட்டால், சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில், காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஊர். மேற்குக் கரையில் பவானி. நடுவில் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம் (1997-க்கு முன்னால் சேலம்), அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டம். அங்கே கூடுதுறையும் ஜமக்காளமும். இங்கே லுங்கியும் துண்டும். அக்கரையில் பாவத்தைக் கழுவிவிட்டு, இக்கரையில் துண்டு வாங்கித் துவட்டிக்கொள்ளலாம். இப்படி ஒரு வசதி காசியில்கூடக் கிடையாது!

இந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. எந்த மெஷினையும் வாங்கினபடியே வைத்திருக்க மாட்டார்கள். பழைய தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்குவார்கள். லேத் பட்டறையில் இறக்குவார்கள். பல்சக்கரத்தை மாற்றி, ஷாஃப்டைக் கடைந்து, இல்லாத உறுப்பை வார்த்துப் போட்டு, பதினைந்து நாளில் அது புதுப் பெண் மாதிரி பாவு கட்டி ஓடத் தொடங்கும். "கம்பெனிக்காரன் செஞ்சது பாதிங்க. மீதி நம்ம லேத்துலதானுங்க" என்பார்கள். தற்பெருமை என்று நினைக்காதீர்கள், நிஜம்.

இந்த ஊரில் எனக்கு ஒரு நண்பன். இருவரும் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். டெபிட்டும் கிரெடிட்டும் எதற்காக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன என்று ஒன்றாகவே யோசித்தவர்கள். அவன் இப்போது 16 தறிக்கு முதலாளி. போன தடவை போயிருந்தபோது, பாலத்து ஓரம் டீ குடித்துக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"மாப்ளே, பழைய மிலிட்டரி ரைஃபிள் ஒண்ணு மலிவா வாங்கி, நம்ம லேத்துல ஆல்டர் பண்ணி வெச்சுக்கிட்டா எப்படி?"

டீ எனக்குப் புரையேறியது. யூடியூபில் ஒரு அமெரிக்கக் கிழவர், தன் தாத்தா காலத்துப் பட்டாளத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே கட்டையை அறுத்து, குழலைக் குறைத்து, மேலே ஒரு தூரதரிசினி மாட்டினாராம். நம் ஆள் அதை மூன்று தடவை பார்த்திருக்கிறான். "பதினாறு தறியைப் பிரிச்சுக் கோத்தவன் நானு. இது என்ன பெரிய விஷயமா?" என்றான்.

நல்ல கேள்விதான். மலிவு, பழசு, மிலிட்டரி, ஆல்டர் என்று இந்த ஆசையில் நாலு அயிட்டம் இருக்கிறது. பி.காம். படித்த பாவத்துக்கு நாலுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

* * *

முதலில் அந்த அமெரிக்கக் கிழவர் கணக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகப் பட்டாளங்களிடம் லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் மிஞ்சிவிட்டன. தானாகச் சுடும் புது ரகங்கள் வந்ததும், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் பழைய ரகங்கள் வேண்டாத சரக்காகின. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, ஜெர்மனியின் மௌசர், இத்தாலியின் கார்கானோ எல்லாம் கப்பல் ஏறி அமெரிக்கா போயின. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கூப்பனை நிரப்பி, மணியார்டர் அனுப்பினால் வீட்டுக்கே பார்சல் வரும். நாம் தபாலில் சேலை வரவழைத்த மாதிரி!

வந்த துப்பாக்கியை மான் வேட்டைக்குத் தோதாக மாற்றுவது அங்கே ஒரு தலைமுறைக்கே பொழுதுபோக்காக இருந்தது. பட்டாளத்துக்காரன் கை சுடாமலிருக்கக் குழல் நெடுக மூடிய மரக்கட்டையை அறுத்து எறிவார்கள். நீளக் குழலைக் குறைப்பார்கள். ஈட்டி மாட்டும் கொக்கியைக் கழற்றுவார்கள். எடை குறையும், அழகு கூடும். செலவும் கம்மி.

இந்தத் தபால் வியாபாரத்தில் 1963 மார்ச்சில் சிகாகோ கடைக்கு ஒரு கூப்பன் வந்தது. ஹிடெல் என்ற பொய்ப்பெயரில் ஒருவன் பழைய இத்தாலியக் கார்கானோ கேட்டிருந்தான். தூரதரிசினியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். கடைக்காரர் அனுப்பிவிட்டார். வாங்கியவனின் நிஜப் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே வருஷம் நவம்பர் 22-ம் தேதி, டல்லாஸ் நகரில், ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது அந்தப் பார்சல்தான். 1968-ல் சட்டம் போட்டுத் தபால் துப்பாக்கி விற்பனைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அன்று ஆசை ஆசையாக அறுத்துத் தள்ளினார்களே, அவர்களுடைய பேரன்கள் இன்று 'அறுக்காத துப்பாக்கி எங்கே கிடைக்கும்?' என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் மத்தியில், பட்டாளத்தில் இருந்தபடியே இருக்கும் துப்பாக்கிக்குத்தான் விலை. வெட்டிக் குறைத்ததற்குப் பாதி மதிப்புக்கூடக் கிடைப்பது கஷ்டம். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணை இரண்டாக அறுத்து ஸ்டூல் செய்தவன், பிறகு தூணின் விலையைக் கேட்டால் எப்படி முழிப்பான்? அப்படி முழிக்கிறார்கள்.

* * *

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பழைய மிலிட்டரி ரைஃபிள் என்றால் நமக்கெல்லாம் ஒன்றே ஒன்றுதான். த்ரீ நாட் த்ரீ! சினிமாவில் ஏட்டையா தோளில் தொங்குமே, அதே லீ என்ஃபீல்டு. கிட்டத்தட்ட 4 கிலோ எடை. முக்கால் ஆள் உயரம். ஒரே தடவையில் 10 தோட்டா. கல்கத்தா பக்கம் ஹூக்ளிக் கரையில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் இங்கேயே செய்தார்கள். 1962-ல் சீனாக்காரனை எதிர்த்து இமயமலைப் பனியில் நின்ற நம் ஜவான் கையில் இருந்ததும் இதுதான். பட்டாளம் கைவிட்ட பிறகும் போலீஸ் விடவில்லை. உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு விடை கொடுத்தது. அத்தனை வருஷம் எந்த அதிகாரியும் சர்வீஸில் இருந்ததில்லை!

நானும் நண்பனும் இதைத் தொட்டிருக்கிறோம், காலேஜ் என்.சி.சி.யில். அது 'டி.பி.' ரகம். டிரில் பழகுவதற்கென்று, சுடவே முடியாதபடி ஆக்கப்பட்ட த்ரீ நாட் த்ரீ. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் தோளில் வைத்து நின்றால் இரும்பு காய்ந்து பழுத்துவிடும். சுட முடியாத துப்பாக்கிதான், ஆனாலும் எங்களை நன்றாகச் சுட்டது!

"அதுல நிஜமானது ஒண்ணு வாங்கலாம்" என்றான் நண்பன்.

முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் .303 தோட்டா போடக்கூடிய ரைஃபிளைத் தடைசெய்த ரகத்தில் வைத்திருக்கின்றன. 7.62 மி.மீ. பட்டாளத் தோட்டா போடுவதும் அப்படியே. சாதாரணக் குடிமகன் கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டு வாங்குகிற சமாசாரமே இல்லை.

நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம நாட்டுல செஞ்சதுதானே மாப்ளே!" அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இச்சாப்பூரில் செய்த துப்பாக்கிகள் மூட்டை மூட்டையாக அமெரிக்கப் பழைய சரக்குக் கடைகளில் விற்றிருக்கின்றன. டெக்ஸாஸ் விவசாயி வாங்கலாம், திருச்செங்கோட்டு விவசாயி வாங்கக்கூடாது. இது ஏன் என்று தெரிய வேண்டுமானால் குமாரபாளையத்திலிருந்து அரை மணி நேரம் பயணம் போக வேண்டும். போனோம்.

* * *

சங்ககிரி. சேலம் ரோட்டில் தூரத்திலிருந்தே மலை தெரியும். மலை மேல் வரிசை வரிசையாகக் கோட்டை மதில். ஏறினால் முழங்கால் பேசும். கும்பினிக்காரர்களோடு மோதிய தீரன் சின்னமலையை 1805-ல் இங்கேதான் தூக்கில் போட்டார்கள். ஆடிப் பதினெட்டு அன்று இன்றைக்கும் கூட்டம் கூடுகிறது. மேலே நின்று பார்த்தால் காவிரிச் சமவெளி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது.

அந்தச் சமவெளியின் கையிலிருந்த ஆயுதம் போன கதை அப்போது தொடங்கியதுதான். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, தென் சீமை ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கும்பினி அறிவித்தது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு இன்னும் உதறல். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம்; வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்கு! அதற்கு மேல் இன்னொரு யோசனையும் செய்தார்கள். பட்டாளத்துத் தோட்டா திருட்டுப் போனாலும், வெளியில் இருக்கும் எந்தத் துப்பாக்கியிலும் அது பொருந்தக் கூடாது. ஆகவே பட்டாளத்து அளவே தனியாருக்கு ஆகாது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? த்ரீ நாட் த்ரீயின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு குழலையும் தோட்டாவையும் மட்டும் மாற்றினார்கள். ஆஸ்திரியப் பட்டாளத்தின் பழைய 8 மி.மீ. தோட்டாவைப் போட்டு '.315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்' என்று பெயர் வைத்தார்கள். 'படையப்பா' செந்தில் கதைதான். ஆள் அதே ஆள், சட்டை மட்டும் வேற! சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய அரசின் தொழிற்சாலைகளும் இந்த .315-ஐத் தொடர்ந்து செய்தன. லைசென்ஸ் உள்ளவர்கள் இதை வாங்க முடிந்தது.

சர்க்கார் தனக்கே ஒரு ஆல்டரேஷனும் செய்துகொண்டது. போலீசும் ஜெயில் வார்டரும் எதிர்த்து நின்றுவிட்டால்? த்ரீ நாட் த்ரீ குழலுக்குள் இருக்கும் முறுக்குப் பள்ளங்களைக் கடைந்து வழவழப்பாக்கி, தோட்டாப் பெட்டிக்குள் கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கி .410 மஸ்கெட் என்று கொடுத்தார்கள். நண்பன் கேட்டுவிட்டு, "அடப்பாவி! நமக்கு முன்னாலேயே ஆல்டர் பண்ணிட்டானா?" என்றான். அதுவும் இன்றைக்குத் தடைசெய்த ரகம்தான்.

வெள்ளைக்காரன் பயத்தில் போட்ட கோடு அது. அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் கோடு அங்கேயே இருக்கிறது. இது சரியா என்று மலையிலிருந்து இறங்கும்வரை நாங்கள் வாதாடினோம். வாதத்தை முடித்து வைத்தவர் எங்கள் இரண்டு பேரையும்விட விஷயம் தெரிந்தவர்: குமாரபாளையத்து லேத் பட்டறைக்காரர்.

* * *

அவருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நண்பன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"செய்ய முடியுமாண்ணா?"

"முடியுங்க தம்பி. கையி செய்யும். ஆனா செய்யக் கூடாதுங்க."

சில வருஷத்துக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் ஒரு குழாயோடு வந்தானாம். உள்ளே இத்தனை அளவு கடைய வேண்டும் என்றானாம். "பைப்பு வேலைக்கு வர்றவன் எந்த மோட்டாருக்கு, எந்தத் தறிக்குன்னு மொதல்ல சொல்லுவான். இவன் அளவை மட்டும் சொன்னான். எதுக்குன்னு கேட்டேன். மேலயும் கீழயும் பார்த்தான். மிஷின் ரிப்பேருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு நானூறோ ஐந்நூறோ கூலி போயிருக்கலாம். போகாமல் மிஞ்சியது என்ன என்று பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதும், ஒரு ரகத்தை இன்னொரு ரகமாக மாற்றுவதும், குழலைக் குறைப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கிக்குச் சொந்தக்காரனோடு லேத்துக்காரரும் கூண்டில் நிற்க வேண்டியதுதான்.

சட்டத்தை விடுங்கள், இரும்பின் கணக்கு அதைவிடக் கறார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். த்ரீ நாட் த்ரீ வெடிக்கிற நொடியில் குழலுக்குள் 40 ஆயிரம் பவுண்டுக்கும் மேல்! எதிரே நிற்கிறவனுக்கு அடுத்தபடி அந்தக் குழலுக்கு மிக அருகில் இருப்பது எது? சுடுகிறவனின் கன்னம். தறியில் ஒரு போல்ட் தப்பாகப் போட்டால் நாடா பறந்து போய் இரண்டு இழை அறுந்துபோகும். முடிந்து போட்டுக்கொள்ளலாம். இங்கே முடிந்து போட எதுவும் மிஞ்சாது.

சேலம், தர்மபுரிப் பக்கத்து மலையோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி பழைய சங்கதி. வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது. காட்டுப்பன்றிக்கு என்றுதான் வைத்திருப்பார்கள். 'லைசென்ஸ் இல்லாததைத் தானாக ஒப்படைத்துவிடுங்கள்' என்று போலீஸ் அவ்வப்போது தண்டோரா போடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் வாசலிலோ ஊர்ப் பொது இடத்திலோ துப்பாக்கிகளை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பன்றி என்று நினைத்துக் கூட்டாளியையே சுட்டுவிட்ட செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வருமே, படித்திருப்பீர்கள். அந்த மூலைச் செய்தி ஒரு குடும்பத்துக்கு முழுப் பக்கம்.

* * *

'சரி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் எப்படி இருக்கிறார்?' என்று பார்க்க, நண்பனின் சொந்தக்காரப் பெரியவர் ஒருவரின் தோட்டத்துக்குப் போனோம். எண்பதை நெருங்குகிறார். ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர். அவர் அப்பா வாங்கியதாம். வேட்டை எல்லாம் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு சரி. "இப்ப என்னங்க பெரியப்பா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"வாரம் ஒருக்கா எண்ணெய் போடறனப்பா. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுக்கறன். முடிஞ்சா வாங்கிட்டு வர்றன். பார்லிமெண்ட்டு, சட்டசபை, பஞ்சாயத்துன்னு அது எங்கூட இருந்ததவிட ஏட்டுகூட இருந்ததே சாஸ்தி!"

சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"பையனுங்க ரெண்டு பேரும் பெங்களூரு. வேண்டாங்கறாங்க. தோட்டத்த வித்தா பணம் வரும். இத வெச்சிருந்தா கேள்விதான் வரும்னு பெரியவன் சொல்றான். நானு போயிட்டா இத யாரப்பா பாப்பா?"

விதியில் வழி இருக்கிறது. உரிமையாளர் காலமான பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். உரிமையாளருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருஷம் வைத்திருந்துவிட்டாலோ உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தர மனுப் போடலாம். மனு, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தல். வாரிசு யாருக்கும் வேண்டாம் என்றால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அவர் கேட்டது இது இல்லை என்று எனக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் மனதுக்குள் ஐந்தொகை போட்டேன். மலிவு? வாங்குகிற விலை மலிவாக இருக்கலாம், வைத்திருக்கிற விலை ஆயுசுக்கும் உண்டு. பழசு? பழசுக்கு மதிப்பே அது பழசாகவே இருப்பதில்தான். மிலிட்டரி? தடை. ஆல்டர்? ஏழு வருஷம். துப்பாக்கி வாங்குவதென்றால் ஒரு பொறுப்பை வாங்குவது. வாங்கினவன் போன பிறகும் அந்தப் பொறுப்பு போகாது. அடுத்தவன் தலையில் ஏறி உட்காரும். பெரியவரின் எண்ணெய்த் துணியைப் பார்த்த பிறகு இதை நண்பனுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காவிரிப் பாலம் வந்தபோதுதான் வாயைத் திறந்தான். "குறி பாக்கற ஆசைக்கு வேற வழியே இல்லையா?"

"இருக்கே! ஏர் ரைஃபிள். .177 குழல், 20 ஜூல் சக்திக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் வாங்கினது ஏர் ரைஃபிள்லதான். உம் பொண்ணையும் சேர்த்துவிடு, கிளப்புல ஒழுங்காச் சொல்லித் தருவாங்க."

முகம் மலர்ந்துவிட்டது. அக்கரை பவானியிலிருந்து இக்கரை குமாரபாளையம் வந்து சேருவதற்குள் எந்தக் கம்பெனி, என்ன விலை என்று எல்லாம் செல்போனில் பார்த்துவிட்டான். ஊருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, மெதுவாக என் பக்கம் சாய்ந்தான்.

"மாப்ளே, அதுல உள்ள ஸ்பிரிங்க மட்டும் நம்ம லேத்துக்காரர்கிட்ட குடுத்துக் கொஞ்சம் டைட்டா மாத்திட்டா..?"

"இருபது ஜூலைத் தாண்டினா அதுக்கும் லைசென்ஸ்!" என்றேன்.

குமாரபாளையத்து ரத்தம், வேறு எப்படி இருக்கும்?